அறுந்தால்தான் நல்ல கயிறு
(லேடாங் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கழுத்துக் கயிற்றுக் கதை)

மூவாரிலிருந்து சிகாமட்டுக்குப் போகும் சாலையில் தங்காக் பட்டணத்தைத் தாண்டிவிட்டீர்களானால், பக்கவாட்டில் ஒரு நீல மலை உங்களோடு கூடவே வரும். முதலில் மேகமோ என்று தோன்றும். செம்பனை வரிசைகளுக்கு இடையே மறைந்து, மறுபடி தலைகாட்டி, சாகிலை நெருங்க நெருங்கப் பச்சை நிறம் கொண்டு எதிரே வந்து நிற்கும். அதுதான் லேடாங் மலை. உயரம் 1,276 மீட்டர். ஆங்கிலேயர்கள் இதை ஓபிர் மலை என்று அழைத்தார்கள்.

தங்காக் என்றதும் நம் தாய்மார்களுக்குத் துணிக்கடைகள்தாம் நினைவுக்கு வரும். கல்யாணத்துக்குத் துணி எடுக்க அங்கே போய் வந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் நம் பிள்ளைகள் இப்போது துணிக்கடையோடு திரும்பி வருவதில்லை. பள்ளிக் குழு என்றும், இளைஞர் மன்றம் என்றும், வேலையிடத்து நண்பர்கள் என்றும் கூட்டம் சேர்த்துக்கொண்டு மலையேறப் புறப்பட்டுவிடுகிறார்கள். நல்ல காரியந்தான். பெற்றோர்களே, இளைஞர்களே, அந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது ஒரு சின்னப் பொருளைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். அது கழுத்தில் மாட்டும் கயிறு.

இதென்ன, ஒரு முழம் கயிற்றுக்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். கயிறு தானாக வந்து சேரும்.

இளவரசியும் வாலஸ் துரையும்

லேடாங் மலை கதை உள்ள மலை. மலாக்கா சுல்தான் மாமூட், இந்த மலையில் வாழ்ந்த இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினாராம். இளவரசி தரப்பில் நிபந்தனைகள் வந்தன. மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம் வேண்டும். ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம் வேண்டும். கடைசியாக, சுல்தானுடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதித்த மன்னர், மகனின் இரத்தம் என்றதும் ஆசையைக் கைவிட்டார். சரித்திர நூலான ‘செஜாரா மெலாயு’ சொல்லும் கதை இது.

1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறினார். இங்கே கண்ட அபூர்வமான பெரணிகளைப் பற்றி வியந்து எழுதினார். மேலே தாகம் எடுத்தபோது, குடுவைச் செடிகளின் குடுவைக்குள் தேங்கியிருந்த, பூச்சிகள் மிதந்த தண்ணீரைக் குடித்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆகவே, தண்ணீரை மறக்காமல் எடுத்துப் போங்கள்!

அடிவாரத்தில், சாகிலில், அருவி கொட்டுகிறது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறார்கள். அருவிக்கு மேலேதான் காடு தொடங்குகிறது. உச்சிக்குப் போகிறவர்கள் பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு, மாலிம் குனோங் எனப்படும் வழிகாட்டியுடன் போக வேண்டும். மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவதும் உண்டு. புறப்படுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதையில் வேர்கள் படிக்கட்டுப் போலப் பின்னிக் கிடக்கும். ஈரப் பாறைகள் வழுக்கும். காட்டு ஓரங்களில் ரோத்தான் கொடிகள் தொங்கும். அதன் சாட்டை போன்ற நீண்ட நுனியில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கும். சட்டையில் பட்டால் விடாது. முன்னே போனால் இன்னும் இறுக்கும். பின்னே வந்தால்தான் கழலும். உயரம் ஏற ஏறப் பாறைச் சரிவுகளில் கயிறு கட்டியிருப்பார்கள், இரும்பு ஏணியும் வைத்திருப்பார்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கி, ஏணியில் வயிறு உரச ஏறித்தான் மேலே போக வேண்டும்.

இரண்டு கயிறுகள்

இப்போது கயிற்றுக்கு வருவோம். மலையேறுகிறவனுக்கு இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று, பாறையில் கட்டியிருக்கும் கயிறு. அவன் உயிர் அதில் தொங்குகிறது. அது அறுந்தால் ஆபத்து. மற்றொன்று, அவன் கழுத்தில் தொங்கும் கயிறு. விசில், சிறிய டார்ச் லைட், திசைகாட்டி என்று அவசரத்துக்கு உதவும் பொருள்கள் அதில் தொங்கும். அது அறாமல் போனால் ஆபத்து.

இந்த இரண்டாவது பாடம் நம்மவர்களுக்குச் சட்டென்று மனத்தில் ஏறுவதில்லை. நாம் கயிற்றோடு வாழ்ந்தவர்கள். மாடு கட்டவும், விறகு கட்டவும், பால் வாளியைக் காண்டாவில் தொங்கவிடவும் கயிறு வேண்டும். “நல்ல கயிறா பார்த்து வாங்கு, அறாம இருக்கணும்” என்று சொல்லியே பழகியவர்கள். ஆகவே பிள்ளை மலைக்குப் போகிறான் என்றால், வீட்டிலேயே பலமான நைலான் கயிற்றைத் தேடி எடுத்து, இரண்டு முடிச்சுக்குப் பதில் நான்கு முடிச்சுப் போட்டு, விசிலைக் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறோம். அன்பு அங்கே இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

நினைத்துப் பாருங்கள். ஏணியில் இறங்கும்போது கயிறு ஒரு கம்பி முனையில் மாட்டிக்கொள்கிறது. கால் வழுக்குகிறது. உடம்பு கீழே போகிறது, கயிறு மேலேயே நிற்கிறது. அல்லது ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிக் கிடக்கும் கிளையில் சிக்குகிறது. தண்ணீர் உடம்பை இழுக்கிறது, கிளை கயிற்றை விடவில்லை. அந்த நேரத்தில் முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் சும்மா இருக்காது.

“முழு உடம்பும் தொங்கினால்தானே ஆபத்து?” என்று கேட்கலாம். அப்படியல்ல. கழுத்தின் மென்மையை மருத்துவ நூல்கள் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. தலையிலிருந்து இரத்தம் இறங்கும் சிரைகள் அடைபட ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் போதும். மூளைக்கு இரத்தம் ஏற்றும் தமனிகள் அடைபட ஏறக்குறைய 5 கிலோ. மூச்சுக்குழல் அடைபட 15 கிலோ. தமனிகள் அடைபட்டுவிட்டால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும். ஐந்து கிலோ என்பது கடையில் வாங்கி வரும் சிறிய அரிசிப் பையின் எடைதான். கால் தரையில் இருக்கும்போதே, முழங்காலிட்ட நிலையிலேயே, ஆபத்து வந்துவிடலாம் என்பது இதிலிருந்து புரியும்.

கடையில் என்ன கிடைக்கிறது?

பாசார் மாலத்திலும் முகாம் பொருள்கள் விற்கும் கடைகளிலும் பலவகைக் கயிறுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘பாராகார்ட்’ என்ற பாராசூட் கயிறு. இளைஞர்களுக்கு இதன் மேல் தனி மோகம். இதில் பெயர் பெற்ற 550 என்ற வகை, 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுவது. கூடாரம் கட்ட, மூட்டை இறுக்க, ஈரத்துணி காயப்போட இதைவிட நல்ல கயிறு கிடையாது. ஆனால் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்ட இதைவிடக் கெட்ட கயிறும் கிடையாது. நான்கு ஆள் எடையைத் தாங்கும் கயிறு உங்கள் கழுத்துக்காக இரக்கப்பட்டு அறாது.

இரண்டாவது, தூண்டில் நரம்பு, மெல்லிய நைலான், தோல் வார். மெல்லியதாக இருப்பதால் சுலபமாக அறும் என்று நினைத்துவிடக் கூடாது. மெல்லிய கயிறு சதைக்குள் ஆழமாக இறங்கும்.

மூன்றாவது, தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அடையாள அட்டை மாட்டித் தரும் பட்டை. ‘லேன்யார்ட்’ என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சுற்றிலும் தைத்து மூடிய பட்டை. மற்றொன்றில் பிடரியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். இழுத்தால் ‘டக்’கென்று இரண்டாகக் கழன்றுவிடும். இதைத்தான் ‘பிரேக் அவே’ கொக்கி என்கிறார்கள். நாம் தேட வேண்டியது இந்த வகையை. சிலவற்றில் பிடரியிலும் இரண்டு பக்கங்களிலும் என மூன்று இடங்களில் கழலும்படி வைத்திருப்பார்கள். அது இன்னும் நல்லது. எந்தப் பக்கமிருந்து இழுபட்டாலும் ஏதாவது ஓர் இடம் விட்டுக்கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. பட்டையின் கீழ்ப்பக்கம், அட்டையை மட்டும் தனியாகக் கழற்றுவதற்கு ஒரு கொக்கி இருக்கும். பையின் வாரில் இருப்பதைப் போல இரு பக்கமும் அழுத்தினால்தான் அது திறக்கும். இழுத்தால் திறக்காது. அதைப் பார்த்துவிட்டு “கொக்கி இருக்கிறதே” என்று ஏமாந்துவிடாதீர்கள். அழுத்தித் திறப்பது வேறு, இழுத்தால் கழல்வது வேறு.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பூட்டும் வருகிறது. சுலபமாகக் கழலும். ஆனால் அதே கயிற்றில் திசைகாட்டியை மாட்டினால், முள் வடக்கை விட்டுவிட்டுக் காந்தத்தைத்தான் பார்க்கும்.

மைலோ டின் சோதனை

கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி மாட்டிக்கொள்ள வேண்டாம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இதற்கு வேண்டியது ஒரு மைலோ டின், ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள்.

டின்னைப் படுக்கவைத்து, மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டி, ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதுதான் கழுத்து. கயிற்றை அதன் மேல் மாட்டுங்கள். கழலும் கொக்கி டின்னின் மேல்பக்கம், பிடரி இருக்கும் இடத்தில் வரட்டும். கீழே தொங்கும் நுனியில் பையைக் கட்டி, முதலில் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை வையுங்கள். அரைக் கிலோவுக்குக் கயிறு கழலக் கூடாது. இதற்கே கழன்றால், நடக்கும்போதே விசிலைப் பறிகொடுப்பீர்கள். அடுத்து ஒன்றரை லிட்டர்ப் போத்தலை மெதுவாக வையுங்கள். இப்போது கொக்கி கழன்று, பை கீழே விழ வேண்டும். கழலவில்லையானால், அந்தக் கயிறு சாவிக்கொத்து மாட்டத்தான் லாயக்கு, கழுத்துக்கு ஆகாது.

மெதுவாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் பல கொக்கிகள் கழலும். ஆனால் ஆள் மயங்கிச் சரியும்போதும், தண்ணீர் இழுக்கும்போதும் பாரம் மெதுவாகத்தான் ஏறும். அப்போதும் கழல்வதே நம்பத்தக்க கொக்கி. கொக்கியைப் பக்கவாட்டிலும் திருப்பி வைத்து இரண்டு மூன்று முறை பாருங்கள். எக்காரணம் கொண்டும் இந்தச் சோதனையை மனிதர் கழுத்தில் செய்து பார்க்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

கழலும் கொக்கி கிடைக்கவில்லையா? வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு பருத்திப் பட்டையை எடுத்து, இரு நுனியிலும் சிறு வளையம் தையுங்கள். இரண்டு வளையங்களையும் சாதாரணப் பருத்தித் தையல் நூலால் ஒரே இழையில் இணைத்துக் கட்டுங்கள். மைலோ டின்னில் மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். அரைக் கிலோவுக்கே அறுந்தால் இழையை இரட்டையாக்குங்கள். ஒன்றரைக் கிலோவுக்கும் அறாவிட்டால் அந்த நூல் வேண்டாம். இன்னும் மெல்லிய நூலைத் தேடுங்கள். பாலியெஸ்டர் நூல் பலமானது, தவிர்த்துவிடுங்கள். சோதனையில் அறுந்த பிறகு, அதே அளவு நூலை மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். வியர்வையில் பருத்தி நூல் இற்றுப்போகுமே என்றால், போகட்டும். நட்டம் ஒரு விசில்தான்.

ரப்பர் வளையத்தால் இணைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ரப்பர் நமக்குச் சோறு போட்ட பொருள்தான். ஆனால் அது அறுவதற்கு முன் நீண்டுகொண்டே போகும், இறுக்கத்தையும் விடாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

கழுத்தில் எதை மாட்டுவது?

நல்ல கயிறு கிடைத்துவிட்டது என்பதற்காக வீட்டுச் சாமானையெல்லாம் அதில் மாட்டக் கூடாது. கழுத்தில் தொங்குவது ஒரு விசிலும், கட்டைவிரல் அளவு டார்ச் லைட்டும் போதும். கத்தி வேண்டவே வேண்டாம். உறையில் இருந்தாலும் சரி, விழும்போது நெஞ்சுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கத்தியின் இடம் பை.

கயிறு கழன்றால் அதில் இருப்பது தொலையும். ஆகவே தொலைந்தால் திரும்ப முடியாது என்ற பொருள் எதையும் கழுத்தை நம்பி விடாதீர்கள். அடையாள அட்டை, பணம், மருந்து, தீப்பெட்டி ஆகியவை பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டுக் காற்சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னொரு விசில் முதுகுப் பையின் வாரில் இருக்கட்டும்.

கயிறு நீளமாகவும் இருக்கக் கூடாது. விசில் வாய்க்கு எட்டினால் போதும். தொப்புள் வரை தொங்கினால், குனியும்போது ஊஞ்சலாடி ஏணியில் மாட்டும். கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வது உத்தமம். கைப்பேசிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று கயிறுகளை மாட்டினால், அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கழல வேண்டிய கொக்கியையும் கழலவிடாமல் செய்துவிடும். நுனியைப் பையின் வாரோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் தவறு.

தாலிக்கொடியும் சாமிக் கயிறும் நம் கழுத்தில் இருப்பவை. அவற்றைக் கழற்றுங்கள் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் மலையேறும் பெண்கள், கழுத்து மூடிய பனியனுக்குள் தாலிக்கொடியைச் செருகிக்கொள்ளலாம். துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிடலாம். இதனால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

மலைக்குப் போகாதவர்களுக்கும்

“நான் எந்த மலைக்கும் போகவில்லை” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பள்ளிக்கூட அட்டை, வீட்டுச் சாவி, தண்ணீர்ப் போத்தல் என்று எதையாவது பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுகிறோம். அமெரிக்காவில் குழந்தைகளின் மேல்சட்டைக் கழுத்தில் வரும் நாடா, சறுக்கு மரத்தில் சிக்கிப் பிள்ளைகள் இறந்ததால், 1996-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நாடாவே வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு நெறிமுறை வகுத்தது. சறுக்கு மரமும் ஊஞ்சலும் நம் ஊரிலும் இருக்கின்றன. விளையாடப் போகும்போதும் தூங்கும்போதும் கழுத்தில் எதுவும் வேண்டாம். புல் வெட்டும் இயந்திரம், ஆலையில் சுழலும் உருளை இவற்றின் அருகே வேலை செய்கிறவர்களுக்கும் இதே விதிதான். அங்கே கழலும் கயிறுகூடக் கழுத்தில் இருக்கக் கூடாது.

யாராவது சிக்கிக்கொண்டால் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் ஆளைத் தூக்கிப் பிடித்துக் கழுத்தின் பாரத்தைக் குறையுங்கள். பிறகு கயிற்றை வெட்டுங்கள். 999-ஐ அழையுங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கழுத்தின் உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வழி தவறினால் அங்கேயே நின்று, விசிலை மூன்று முறை ஊதுங்கள். சற்று நிறுத்தி, மறுபடி மூன்று முறை. தொண்டை கிழியக் கத்துவதைவிட விசில் நெடுந்தூரம் கேட்கும், களைப்பும் வராது.

இனி, புறப்படுங்கள். விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். மலையில் மழை பெய்தால் கீழே அருவியில் திடீரென்று வெள்ளம் வரும். ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். தண்ணீர் கலங்கி, இலைதழை மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். மேலே வானம் தெளிந்திருந்தால், உச்சியிலிருந்து தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்தது போல் தெரியும். அதற்கப்பால் மலாக்கா நீரிணை வெள்ளிக் கோடாக மின்னும். இளவரசி கேட்ட வெள்ளிப் பாலம் இதுதானோ என்று தோன்றும்.

பாறைக் கயிற்றை இறுகப் பிடியுங்கள். கழுத்துக் கயிறு மட்டும் ஒன்றரை லிட்டர்த் தண்ணீருக்குத் தோற்றுப் போகிற கயிறாக இருக்கட்டும். போகிற வாரம் புறப்படும் பிள்ளைக்கு, இன்று இரவே மைலோ டின்னை எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.